அழைப்பிதழில் இல்லாத பெயர்கள்

எங்கள் ஊர்த் தேர்த்திருவிழா அழைப்பிதழை யாராவது கையில் கொடுத்தால் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். 10 நாள் மண்டகப்படிக்காரர்கள், உபயதாரர்கள், பந்தல், மின்விளக்கு உபயம் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பெயர் மட்டும் இருக்காது. ஒரு வருடம்கூட இருந்ததில்லை. அப்பா 22 வருடம் அந்த வேலை பார்த்தவர். அதனால் வந்த பழக்கம் இது.

தேர் பார்க்கப் போகிறவர்கள் கண்ணில் படுவது வடமும் கூட்டமும் மேலே அலங்காரத்தில் இருக்கும் சாமியும்தான். வடம் பிடிப்பவர்களால் தேரை இழுக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடக்கிற நாலைந்து பேர் கையில் இருக்கிறது. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் சரியான நொடியில் கட்டையைச் செருகினால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். ஒரு நொடி பிந்தினால் எதிரே இருக்கும் வீட்டுத் திண்ணை போய்விடும். கை ஒரு சாண் உள்ளே போய்விட்டால் கையே போய்விடும். திருவாரூர் ஆழித்தேர் மாதிரி பெரிய தேர்களில் இப்போது ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்டது. அங்கேயும் கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் வீதி முனை திரும்பாது.

நான் ஒன்பதாவது படித்த வருடம் மேல வீதி முனையில் கட்டை வழுக்கி அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிச் செலவு எங்கள் செலவு. ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்கப் போன அம்மாவிடம், "சாமி காரியத்துக்குக் கணக்குப் பார்க்கலாமாம்மா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் என்னவென்றால், அப்பாவும் அதையேதான் சொன்னார். "சாமி வேலைக்கு யாராவது கூலி கேட்பாங்களா?"

கேட்டார்களா, கேட்கவில்லையா? இந்தக் கேள்விதான் பல வருடம் கழித்து என்னைத் தஞ்சாவூர்க் கல்வெட்டுகளிடம் கொண்டுபோய் விட்டது.

பெரிய கோயிலின் வடபுறத் திருச்சுற்றுச் சுவரில், வெளிப்பக்கமாக, ஒரு நீளமான கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1014. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹூல்ஷ் இதைப் பதிப்பித்திருக்கிறார். பக்திப் பாடலோ போர்ப் பெருமையோ தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். அது ஒரு சம்பளப் பட்டியல்.

முதலில் 400 தளிச்சேரிப் பெண்டுகள் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருடத்துக்கு 100 கலம் நெல். அந்த நெல்லை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறது: ஆடவல்லான் என்னும் மரக்கால். எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலில் இருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் விலாசம் உண்டு. தெற்குத் தளிச்சேரியின் தலைவீட்டில் திருவையாற்றில் இருந்து வந்த நக்கன் சேரமங்கை இருக்கிறாள். ஆயிரம் வருடம் கழித்தும் அவள் வீட்டுக்கு வழி கேட்டுப் போய்விடலாம் போலிருக்கும்.

அவர்களுக்குப் பிறகு மற்றவர்கள். நட்டுவம் செய்வோர், பாடுவோர், கொட்டுவோர், சங்கு ஊதுவோர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர். அப்புறம் குயவர், ஈரங்கொல்லி என்று சொல்லப்பட்ட வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், கணக்கர். பங்கு எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. நட்டுவனாருக்கு இரண்டு பங்கு, சிலருக்கு அரைப் பங்குதான்.

இது தினசரிப் பணிக்கான ஏற்பாடு. திருவிழாவுக்கென்றே தனியாக ஓர் ஆணையும் அதே கோயிலில் இருக்கிறது. இரண்டாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகத் திருமுதுகுன்றன் என்ற சாந்திக்கூத்தனுக்கும் அவன் வம்சத்தாருக்கும் வருடத்துக்கு 120 கலம் நெல் ஒதுக்கினார்கள். ஆக, சாமி காரியத்துக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கல்லில் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

உடனே 'பார்த்தீர்களா நம் சோழர் பெருமையை' என்று கிளம்பிவிட வேண்டாம். அந்த 400 பெண்களையும் சோழமண்டலத்துக் கோயில்களில் இருந்து கொண்டுவந்து குடியேற்றியது அரசு. வர விருப்பமா என்று யாரும் கேட்டதாகக் கல்லில் இல்லை. அளந்த நெல்லும் எங்கோ ஒரு குடியானவன் கொடுத்த வரிதான். அவன் பெயர் எந்தச் சிறகிலும் கிடையாது. நான் சொல்லவருவது ஒன்றே ஒன்று. நீர் தெளிப்பதைக்கூட வேலை என்றுதான் அவர்கள் எழுதினார்கள். 'தொண்டு' என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் கூலியைத் தள்ளிவிடவில்லை.

பட்டியலில் என்னை நிறுத்திய இடம் இன்னொன்று உண்டு. வேலை பார்ப்பவர் செத்துப்போனாலோ வேற்றூர் போய்விட்டாலோ என்ன செய்வது? அடுத்த உறவுமுறைக்காரர் அந்தக் காணியைப் பெற்று வேலை பார்க்க வேண்டும். அவருக்கு அந்த வேலை தெரியாதென்றால், தெரிந்த ஒருவரை ஆளிட்டு நடத்திக்கொள்ளலாம். உறவே இல்லையென்றால் அதே தொழிலைச் செய்யும் மற்றவர்கள் கூடித் தகுதியான ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். வேலை அந்தக் குடும்பத்தின் உரிமை. வெறும் கும்பிடு இல்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். சேரமங்கை வீட்டு விலாசத்தைக் கேட்டுச் சிரித்தார். 100 கலம் இப்போ எத்தனை மூட்டை வரும் என்று விரல்விட்டுப் பார்த்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"செத்தவனுக்குச் சொல்லியிருக்கு, ஊரைவிட்டுப் போனவனுக்குச் சொல்லியிருக்கு. காலு போனவனுக்கு என்ன போட்டிருக்குப்பா?"

திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அதற்கு வரி இல்லை.

"அப்போ அவங்களும் முழுசா எழுதலே" என்றார் அப்பா. கூலி கேட்கவே கூடாது என்ற மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.