வெள்ளை வண்டின் இரு பெயர்கள்

ஒரு நாட்டின் வரலாறு கல்வெட்டிலே மட்டுமன்று, மக்களின் அடுப்பங்கரையிலும் எழுதப்பட்டிருக்கும். தென் அமெரிக்காவின் அந்தீசு மலைகளில் அமைந்த எக்குவடோர் நாட்டிலே ‘காட்சோ பிளாங்கோ’ என்றொரு வண்டு உண்டு. ‘காட்சோ’ என்பது மலைவாழ் மக்களின் கிச்சுவா மொழியில் வண்டைக் குறிக்கும். ‘பிளாங்கோ’ என்பது ஸ்பானிய மொழியில் வெண்மையைக் குறிக்கும். 1534-ஆம் ஆண்டிலே ஸ்பானியர் கீற்றோ நகரை நிறுவினர். அதன்பின் கலந்த இரு மொழிகளும் இப்பெயரில் இணைந்துள்ளன.

மண்ணுள் வளரும் இவ்வண்டு, ஒக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் மழையோடு வெளிப்படும். விடியற்காலையிலே மக்கள் அதனைச் சேகரித்து, காலும் சிறகும் களைந்து, பன்றிக்கொழுப்பில் பொரித்து, வறுத்த சோளத்துடன் உண்பர். சோளம் அம்மண்ணுக்குரியது, பன்றியோ ஸ்பானியருடன் வந்தது. ஆகவே, அவ்வுணவிலும் இரு உலகங்கள் கலந்துள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே பிரெஞ்சு விலங்கியலறிஞர் பிளான்சார் இதற்குப் ‘பிளாட்டிசீலியா லூட்டெசென்ஸ்’ எனப் பெயரிட்டார். ‘லூட்டெசென்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘மஞ்சள் படர்ந்தது’ என்பது பொருள். நம் தென்னங் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு சேர்ந்த குடும்பத்திலேயே இதனையும் அறிஞர் வகுத்துள்ளனர்.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரை, இவ்வண்டின் வகைப்பாட்டையும் அதனை உண்ணும் வழக்கத்தையும் ஒருங்கே பதிவுசெய்தது. இது நன்று. ஏனெனில், வண்டு வளரும் புல்வெளி கட்டடங்களால் மூடப்படுமாயின், இலத்தீன் பெயர் நூதனசாலைப் பேழையிலே நிலைத்திருக்கும். விடியலிலே வண்டு தேடிய குழந்தைகளின் அறிவோ எழுதிவைக்கப்பட்டாலன்றி அழிந்துவிடும்.