மலக்குடல் புற்றுநோய் அறுவையில் நரம்புக் காப்பு: கேட்கப்படாத கேள்வியும் எழுதப்படாத குறிப்பும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். அங்கே மல்லாட்டை பயிரிடும் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு மலத்தோடு ரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதற்கு 'மூலம்' என்றுதான் பெயர். மருந்துக் கடை, நாட்டு மருந்து, செஞ்சி அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் என்று படியேறி, கோரிமேட்டு ஜிப்மருக்கோ சென்னைக்கோ போய்ச் சேர்வதற்குள் கட்டி மலக்குடல் சுவரைக் கடந்திருக்கலாம். லேப்ராஸ்கோப்பி என்றதும் வீட்டாருக்கு ஓர் ஆறுதல்: "சின்ன ஓட்டை போட்டுத்தான் செய்வாங்களாம்." வயிற்றில் பை வைப்பார்களா, காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கேட்பார்கள். ஒண்ணுக்குப் போவது பழையபடி இருக்குமா, தாம்பத்தியம் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் அவர்களும் கேட்பதில்லை, மருத்துவரும் எடுப்பதில்லை. இந்த மௌனம் நீடிக்கும்வரை 'நரம்பைக் காத்தோம்' என்று சொல்ல எந்த அறுவையாளருக்கும் ஆதாரம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நரம்பு ஓடும் வழி

பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தருகே, திரிக எலும்பின் மேல்விளிம்புக்கு முன்னால், பரிவு நரம்புப் பின்னல் ஒன்று கிடக்கிறது. கவட்டைபோல் இரு கிளையாகி, இடுப்புக்குழியின் பக்கச் சுவர்களை ஒட்டி அது இறங்குகிறது. திரிகப் பகுதியின் 2, 3, 4ஆம் நரம்புகளிலிருந்து வரும் துணைப்பரிவு இழைகள் மலக்குடலின் பக்கவாட்டில் அதனுடன் சேர்கின்றன. அங்கிருந்துதான் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நரம்பு போகிறது. பரிவு நரம்பு அறுந்தால் விந்து வெளியேறாமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் செல்லும். துணைப்பரிவு நரம்பு அறுந்தால் சிறுநீர்ப்பை சுருங்காது, விறைப்பு வராது. பெண்ணுக்கு ஈரம் குறைந்து உறவில் வலிக்கும்.

அறுபடும் இடங்கள் நான்கு: கீழ்க் குடல் தமனியின் வேர், திரிக எலும்பின் விளிம்பு, மலக்குடலின் இரு பக்கங்கள், முன்புறத்தில் புராஸ்டேட்டையும் விந்துப்பைகளையும் ஒட்டிய தெனோன்வில்லியே உறை. 1908இல் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த அறுவையின் நோக்கம் புற்றை வேரோடு எடுப்பது. நரம்பு அதன் கணக்கில் இல்லை. 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கைச் சேர்ந்த அறுவையாளர் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறையை முழுதாக, கிழியாமல் எடுக்க வேண்டும் என்றார். அதே ஆண்டில் வால்ஷும் டோங்கரும் புராஸ்டேட்டை ஒட்டி விறைப்பு நரம்பு போகும் வழியை விளக்கினர்.

கொழுப்புறையை ஒட்டிப் பிரிக்கும் ஹீல்டின் தளத்தை லேப்ராஸ்கோப்பிக் கேமரா நன்றாகவே காட்டும். மலக்குடலை முன்னோக்கித் தூக்கினால் இலவம்பஞ்சைப் பிரித்தாற்போல் வெள்ளை இழைகள் விரியும். பஞ்சுக்கு முன்னால் மழமழவென்ற மஞ்சள் உறை. பின்னால், சுவரோடு ஒட்டி, வெளிர் நூலாக நரம்பு. ரத்தம் கசியத் தொடங்கினால் வழி தவறிவிட்டது என்று கொள்ளலாம். உயிர் முக்கியமா, நரம்பு முக்கியமா என்ற கேள்வி பெரும்பாலான நோயாளிகளுக்கு எழாததற்குக் காரணம் இதுதான்: புற்றை முழுதாக எடுக்கும் தளமும் நரம்பை விட்டுவைக்கும் தளமும் ஒன்றே. கட்டி நரம்பையே பற்றியிருந்தால் அந்தப் பக்கத்தை இழக்கத்தான் வேண்டும். மறுபக்கத்தைக் காப்பது அப்போதும் கடமை.

துளையால் வருவதும் வராததும்

காட்சி தெளிவானால் நரம்பு தானாகத் தப்பிவிடுமா? வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்ட பிரிட்டனின் கிளாசிக் ஆய்விலிருந்து 2005இல் ஜெய்ன் குழுவினர் வெளியிட்ட முடிவில், சிறுநீர்ச் செயல்பாடு இரு முறையிலும் ஒத்திருந்தது. ஆண்களின் பாலுறவுச் செயல்பாடு லேப்ராஸ்கோப்பிக்குப் பின் சற்று மோசமாகும் போக்கே தெரிந்தது. காரணம் துளையில் இல்லை. லேப்ராஸ்கோப்பிப் பிரிவில் கொழுப்புறை முழுதாக எடுக்கப்பட்டவர்கள் அதிகம். அதுவும், பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்ததும்தான் குறையை முன்னறிவித்த காரணிகள். ரோபோ வந்தால் தீர்வு என்பாரும் உண்டு. 471 நோயாளிகளைக் கொண்ட ரோலார் ஆய்வு 2017இல் வெளியானபோது, லேப்ராஸ்கோப்பிக்கும் ரோபோவுக்கும் இவ்விரு செயல்பாடுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவைக்கு முந்தைய கதிர்வீச்சும் பாலுறவைப் பாதிக்கிறது என்பதை ஒரு டச்சு ஆய்வு காட்டியது. ஆகவே 'லேப்ராஸ்கோப்பியில் செய்தோம்' என்பது நரம்புக் காப்புக்குச் சான்றாகாது.

அளவீடு

சான்று வேண்டுமானால் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின் 2023 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. நீரிழிவும் இதே நரம்புகளைத்தான் அரிக்கிறது. அறுவைக்கு முந்தைய நிலை தெரியாமல், பிந்தைய குறையைக் கத்தியின் மேல் போடவும் முடியாது, கத்தியை விடுவிக்கவும் முடியாது.

கருவிகள் கைவசம் உள்ளன: சிறுநீருக்கு 7 கேள்விகள் கொண்ட ஐ.பி.எஸ்.எஸ், ஆணுக்கு 15 கேள்விகள் கொண்ட ஐ.ஐ.இ.எஃப், பெண்ணுக்கு 19 கேள்விகள் கொண்ட எஃப்.எஸ்.எஃப்.ஐ. சிக்கல் மொழியில் இருக்கிறது. 'விறைப்புச் செயலிழப்பு உண்டா?' என்றால் செஞ்சிப் பக்கத்துக்காரர் தரையைப் பார்ப்பார். 'வீட்டுக்காரம்மாவோட பழையபடி இருக்க முடியுதாங்க?' என்றால், மகன் அறையில் இல்லாதபோது, பதில் வரும். பெண்ணிடம் செவிலியர் தனியாகக் கேட்கலாம். வயதானவர், கைம்பெண் என்று கேட்காமல் விடுவது அவருக்காக நாமே பதில் சொல்வதாகும்.

நேரமில்லை என்ற வாதம் நியாயமானதே. அரசு மருத்துவமனையின் புறநோயாளிக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் கேள்வித்தாளை நிரப்ப அறுவையாளர் தேவையில்லை. சிறுநீருக்கு வைத்த டியூப்பை எடுத்தபின், சிறுநீர் கழித்ததும் பையில் தங்கும் மிச்சத்தை ஸ்கேனில் அளப்பது சில நிமிட வேலை.

திசு ஆய்வு அறிக்கையில் புற்றுக்கும் வெட்டு விளிம்புக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எழுதுகிறோம். 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலைப்படுகிறோம். எழுதக் கட்டாயம் வந்தபிறகுதான் அந்தத் தூரம் அறுவையின் தரத்துக்கு அளவுகோலாயிற்று. அறுவைக் குறிப்பிலும் அதுபோல் ஒரு வரி கட்டாயமாகட்டும்: வலப்பக்க நரம்பு கண்டோம், காத்தோம், இடப்பக்கம் கண்டோம், காத்தோம் அல்லது இழந்தோம். அந்த வரி மெய்யா என்பதை, ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வரும் மேல்சித்தாமூர்க்காரரிடம் அதே கேள்விகளைக் கேட்டுத்தான் அறிய முடியும்.