தக்க காரணம் காட்டுக: இந்தியாவில் கைத்துப்பாக்கி உரிம முறையின் வளர்ச்சி

தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் வாழும் ஒருவர் துப்பாக்கி உரிமம் வேண்டி விண்ணப்பிக்கும்போது, அவர் கேட்பது காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் நீள்குழல் துப்பாக்கியா, இடுப்பில் உறையிட்டு எடுத்துச் செல்லும் ரிவால்வரா என்பதைப் பொறுத்து, 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் அவரை இருவேறு விதமாக நடத்துகிறது. நாளிதழ்கள் ஆயுதச் சட்டம் என்று குறிப்பிடும் அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழல்வாயில் மருந்து இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி உண்மையான பயிர்க்காவலுக்காகக் கேட்கப்பட்டாலும், 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கி தற்காப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ கேட்கப்பட்டாலும், சட்டம் சொல்லும் தடைகள் இல்லாதவரை உரிமம் வழங்கியாக வேண்டும் என்கிறது. கைத்துப்பாக்கி இவ்வகையில் சேராது. அதற்கு, விண்ணப்பதாரரிடம் தக்க காரணம் இருப்பதாக உரிமம் வழங்கும் அதிகாரி மனநிறைவு அடைந்தால் மட்டுமே உரிமம் கிடைக்கும். சட்டம் தானே தரும் துப்பாக்கி ஒன்று, அதிகாரி நம்பித் தரும் துப்பாக்கி மற்றொன்று என்ற இந்தப் பிரிவினை, மக்களின் ஆயுதங்களைக் களைந்த ஓர் அரசு அவர்களில் யாரை எந்த அளவுக்கு நம்பியது என்ற நெடிய வரலாற்றின் விளைவாகும்.

தமிழகத்தில் அவ்வரலாறு 1857-க்கு முன்பே தொடங்கிவிட்டது. தென்தமிழகப் பாளையக்காரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, அப்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது, கோட்டைகளும் இடிக்கப்பட்டன. இன்றைய தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்து, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலவரித் திட்டம் வகுக்கும் களமாக மாறியிருந்தது. ஆகவே 1801-இன் அறிக்கை இப்பகுதியை நோக்கி எழுதப்பட்டதன்று. ஆயினும், தோற்கடிக்கப்பட்ட மக்களிடம் ஆயுதம் இருப்பதே ஆட்சிக்கு ஆபத்து என்ற கருத்து அதில்தான் எழுத்து வடிவம் பெற்றது என்பதால், பின்னாளில் நாடு முழுவதற்கும் வந்த சட்டங்களை அதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

1857-இன் எழுச்சியை ஒட்டி அவ்வாண்டின் 28-ஆம் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1860-ஆம் ஆண்டின் 31-ஆம் சட்டமும் ஆயுத வணிகத்தையும் உடைமையையும் கட்டுப்படுத்தின. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது நிறைவேறிய 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டமே இன்றைய உரிம முறையின் உண்மையான முன்னோடி. அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு உரிமமின்றி ஆயுதம் தரித்து வெளியில் செல்வதையும், 14-ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதையும் தனித்தனியே தடைசெய்தன. வீட்டில் வைத்திருப்பது வேறு, ஏந்திச் செல்வது வேறு என்ற இந்த நுட்பம் அன்று சட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் அது மங்கிப்போனது. சட்டத்தின் உறுத்தலான பகுதி, அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் இருந்தது. ஐரோப்பியர்களுக்கும், இந்தியரில் பட்டம் பெற்றோர் முதலான சில உயர்நிலையினருக்கும் விலக்களித்த அவ்விதிகள், உழவனையும் வணிகனையும் உரிமத்துக்காக ஆட்சியரின் வாசலில் நிறுத்தின. விலக்கு வேறு வழியிலும் கிடைத்தது: 1857-இல் காட்டிய விசுவாசத்துக்காகக் குடகு மக்களுக்கு 1861-இல் ஆணையர் மார்க் கப்பன் அளித்த விலக்கு, உரிய மாற்றங்களுடன் இன்றுவரை நீடிக்கிறது, 2019-இல் மத்திய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது.

லிட்டன் காலத்தின் இந்திய மொழி இதழ்கள் சட்டத்தை 1882-இல் நீக்கிய ரிப்பன் பிரபுவும் ஆயுதச் சட்டத்தைத் தொடவில்லை. பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடு, அச்சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மிதவாதிகள் நிறைந்த அம்மாநாடு துப்பாக்கியைக் கேட்டது கலகத்துக்காக அன்று. குடிமகனாக மதிக்கப்படவில்லை என்ற மனக்குறையே அதன் அடிப்படை. மறுபுறம், உரிம முறை எவரைத் தடுக்கவென ஏற்பட்டதோ அவரை அது தடுக்கவில்லை என்பதையும் தமிழகம் கண்டது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. அவருக்கான பயிற்சியும் உதவியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலிருந்து வந்தன; பிரிட்டிஷ் இந்தியாவின் உரிமப் பதிவேட்டுக்கு அங்கே வேலையில்லை.

அதே 1911-இல், கடல் கடந்து நியூயார்க் மாநிலம் இயற்றிய சல்லிவன் சட்டம், மறைத்து ஏந்தக்கூடிய சிறு துப்பாக்கிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அம்மாநில முறையில், கைத்துப்பாக்கியை வெளியில் ஏந்திச் செல்ல விரும்புவோர் தமக்குரிய தனித்த காரணத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் நிலைபெற்றது. இந்தியச் சட்டத்தின் தக்க காரணத்துக்கு இது நெருங்கிய உறவு என்பதால், கட்டுரையின் பிற்பகுதியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

1920-இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இன அடிப்படையிலான விலக்கை நீக்கின. நிறவேற்றுமை போயிற்று, ஆனால் உரிமம் கொடுப்பதா மறுப்பதா என்பதில் அதிகாரிக்கு இருந்த விருப்புரிமை போகவில்லை. 1931-ஆம் ஆண்டின் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கவும் தரிக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. அதே கட்சி பெரும்பான்மை வகித்த அரசமைப்பு அவையில் 1948 டிசம்பரில் எச். வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்குமாறு திருத்தம் கொண்டுவந்தபோது, அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. பிரிவினைக் காலத்தின் இரத்தக்களரி முடிந்து ஓராண்டே ஆகியிருந்த நிலையில் அவை வேறு முடிவுக்கு வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயுதங்கள் மத்தியப் பட்டியலின் 5-ஆவது இனமாக வைக்கப்பட்டன. அமெரிக்காவைப் போல மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட துப்பாக்கிச் சட்டம் இந்தியாவில் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம். இங்கே மாறுபடுவது சட்டமன்று, அதைக் கையாளும் மாவட்ட நிர்வாகமே.

1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம், அடிமை நாட்டின் சட்டத்தை விடுதலை பெற்ற நாட்டுக்கு ஏற்பத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டது. அதில் உண்மை இல்லாமலில்லை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு கூறுவது, பட்டத்தையும் நிலத்தையும் பார்த்து விலக்களித்த பழைய விதிகளுக்கு நேரெதிரானது. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பொதுநலன் கருதித் தவிர்த்தாலன்றி, கேட்டவருக்கு அதன் சுருக்கத்தைத் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு. பயிர்க்காவல் துப்பாக்கியை அதிகாரியின் விருப்பத்திலிருந்து பெரிதும் விடுவித்ததும் இச்சட்டமே. கைத்துப்பாக்கியை மட்டும் அது பழைய இடத்திலேயே விட்டுவிட்டது.

நடைமுறையில், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் ஒருவரின் விண்ணப்பம் தருமபுரியில் உள்ள மாவட்ட ஆட்சியருக்கு உரியது. மாநகரக் காவல் ஆணையரகங்கள் உள்ள இடங்களில் அவ்வதிகாரம் ஆணையரிடம் இருக்கும். 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள்படி, அடையாளம், வயது, முகவரி ஆகியவற்றின் சான்றுகளோடு மருத்துவச் சான்றும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் வேண்டும். விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். வன்முறைக் குற்றங்களுக்காகவும் ஒழுக்கக்கேடான குற்றங்களுக்காகவும் தண்டனை பெற்றோர் குறிப்பிட்ட காலத்துக்குத் தகுதியிழப்பர். ஆட்சியர் அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுப் பெற்றாக வேண்டும் என்பது 13-ஆம் பிரிவின் கட்டளை. உரிய காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் ஆணையிடலாம் என்று சட்டம் சொன்னாலும், காவல்துறையின் சொல் இன்றிக் கைத்துப்பாக்கிக்கு உரிமம் தரும் துணிவு எந்த ஆட்சியருக்கும் எளிதில் வராது. நிலைய ஆய்வாளர் முதல் காவல் கண்காணிப்பாளர் வரை ஒரு கோப்பும், வட்டாட்சியரிடமிருந்து அரூர் கோட்டாட்சியர் வழியாக இன்னொன்றும் தருமபுரி வந்து சேரும் இந்த ஏற்பாட்டில், உயிருக்கு அச்சுறுத்தல் உண்டா என்ற கேள்விக்கு உள்ளூர்க் காவலர் எழுதும் ஒரு வரியே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. கையில் பெருந்தொகையுடன் இரவில் பயணம் செய்யும் வணிகரின் அச்சமும், நிலத்தகராறில் மிரட்டப்பட்டவரின் அச்சமும் அந்த வரியில் எப்படி எடையிடப்படுகின்றன என்பதற்குச் சட்டத்தில் அளவுகோல் கிடையாது.

உரிமம் கிடைத்தாலும் எந்தத் துப்பாக்கியையும் வாங்கிவிட முடியாது. குழலின் உள்விட்டத்தையும் இயக்கத்தையும் வைத்துத் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டவை, தடைசெய்யப்படாதவை எனப் பிரிக்கப்பட்டுள்ளன. காவல்துறையும் படையினரும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் முதல் வகையைச் சேர்ந்தது. அதற்கான அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. சாதாரணக் குடிமகனுக்கு எஞ்சுவது, கான்பூர் படைக்கலத் தொழிற்சாலைகள் செய்யும் 0.32 அங்குல ரிவால்வர் போன்றவையே. வாங்கியபின் அதை ஏந்திச் செல்வதற்கு அமெரிக்க மாநிலங்களில் உள்ளதுபோல் தனி அனுமதிச்சீட்டு இங்கில்லை. வைத்திருப்பதற்கும் ஏந்துவதற்கும் ஒரே உரிமம்தான், அதில் குறிக்கப்பட்ட எல்லைக்குள் செல்லும். பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில், முழுதும் மூடிய நிலையில் இருக்க வேண்டும் என்றும், அதை எடுத்துக் காட்டி மிரட்டுவதோ சுடுவதோ கூடாது என்றும் 2016-இன் விதிகள் கூறுகின்றன. 1878-இல் தனிப்பிரிவாக இருந்த ஏந்துதல் இவ்வாறு ஒரு விதியாகச் சுருங்கியிருக்கிறது. 1983-இல் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என வகுத்த வரம்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இரண்டாயிற்று. ஒன்றாகக் குறைக்கும் முதல் முன்மொழிவு எதிர்ப்பால் கைவிடப்பட்டது. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டதும், திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடுவது தனிக்குற்றமானதும் அத்திருத்தத்தால்தான்.

ஒரே சட்டம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபட்டு நடக்கிறது என்பதை உள்துறை அமைச்சகத்தின் 2016 இறுதிக் கணக்கு காட்டுகிறது. நாடு முழுவதும் இருந்த 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் ஏறத்தாழ 12.7 இலட்சம்; தமிழ்நாட்டிலோ 22 ஆயிரத்துச் சொச்சம். மக்கள்தொகையில் உத்தரப் பிரதேசம் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்குக் குறைவே என்பதை நினைத்தால், இவ்வேறுபாட்டுக்குச் சட்டவாசகம் காரணமாக முடியாது. வடக்கில் துப்பாக்கி குடும்ப மதிப்பின் அடையாளம். இங்கே அது பெரும்பாலும் வங்கிக் காவலரின் தோளிலும் உழவரின் பரணிலும் இருப்பது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் திரும்பப் பெறுவது தருமபுரி மாவட்டத்தாருக்குப் பழகிய காட்சி.

நீதிமன்றங்களும் இவ்விருப்புரிமையைப் பெரிதும் தொடவில்லை. ஆயுதம் தரிப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1993-இல் கூறியதைப் பின்னர் அதன் முழு அமர்வே ஏற்க மறுத்தது. அமெரிக்காவில் நேர்ந்தது வேறு. 2022 ஜூனில் புரூயென் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தனித்த காரணம் காட்டக் கோரும் நியூயார்க்கின் நிபந்தனை அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது; பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று உரிமமின்றியே கைத்துப்பாக்கி ஏந்தலாம். ஒரே மாதிரியான நிபந்தனை அங்கே வீழ்ந்து இங்கே நிற்பதற்கு, 1948-இல் சேர்க்கப்படாமல் போன அந்த உரிமையே காரணம்.

பயிர்க்காவல் துப்பாக்கிக்குச் சட்டம் காட்டிய தாராளம், வேறொரு சட்டத்தால் பொருளிழந்தது என்பதே இவ்வரலாற்றின் விந்தையான பகுதி. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், உரிமத் துப்பாக்கி இருந்தாலும் பயிரை அழிக்கும் பன்றியை உழவர் தாமே சுட முடியாது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர் தம் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும், அங்கே புதிய உரிமம் தர முதன்மை வன உயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும் என்கிறது அதன் 34-ஆம் பிரிவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் இந்தக் கட்டுப்பாடு அதன் சுற்றுப்புறத்துக்கு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அனுமதித்தபோதும், துப்பாக்கி உழவரின் கைக்குத் தரப்படவில்லை. இதற்கிடையில், மலையடிவாரக் கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு வனத்துறையும் காவல்துறையும் அவ்வப்போது வேண்டுகோள் விடுக்கின்றன. அத்தகைய துப்பாக்கியோடு பிடிபடுபவருக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது இரண்டாண்டு, கூடியது ஐந்தாண்டுச் சிறை. அத்துப்பாக்கி பயிர்க்காவலுக்காக வைத்திருந்ததா, வேட்டைக்காகவா என்று அத்திருத்தம் கேட்பதில்லை.