பட்டி - ஒரு சொல், பல மொழி, பல பொருள்

காமராஜர் பிறந்த ஊர் எது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட விருதுநகர் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் 1903 ஜூலை 15 அன்று அப்படி ஒரு பெயரில் ஊரே இல்லை! அவர் பிறந்த நாளில் அந்த ஊரின் பெயர் விருதுப்பட்டி. 1923-ல் தான் நகராட்சி அதை விருதுநகர் என்று மாற்றியது. 'பட்டி' போய் 'நகர்' வந்தது.

மூன்றே எழுத்து கொண்ட இந்தப் 'பட்டி' என்றால் என்ன? எங்கிருந்து வந்தது? மற்ற மொழிகளில் அதற்கு என்ன பொருள்? தேடிப் பார்த்தால் சுவையான செய்திகள் நிறையக் கிடைக்கின்றன.

மாட்டில் தொடங்கிய ஊர்

தமிழில் பட்டி என்பதன் பழைய பொருள் மாடு, ஆடுகளை அடைக்கும் இடம், அதாவது தொழுவம். இலங்கைத் தமிழர்கள் மாட்டுப் பொங்கலை இன்றும் 'பட்டிப் பொங்கல்' என்றே சொல்கிறார்கள். கும்பகோணம் அருகே உள்ள பட்டீஸ்வரத்தில் காமதேனுவின் மகள் 'பட்டி' வழிபட்டதாகத் தல புராணம் கூறுகிறது. சிங்களத்திலும் 'பட்டிய' என்றால் மாட்டு மந்தை தான்.

மாட்டை அடைக்கும் இடத்தில் மாட்டுக்காரன் குடிசை போடுவான். பக்கத்தில் இன்னொரு குடிசை வரும். பிறகு கிணறு, கோவில், தெரு... இப்படித் தான் தொழுவத்தின் பெயர் சிற்றூரின் பெயரானது. மழையை நம்பிய கரிசல் பூமியில் ஆடு மாடுகள் தான் சொத்து. அதனால் தானோ என்னவோ, விருதுநகர் சுற்று வட்டாரத்தில் எங்கு திரும்பினாலும் பட்டி தான். வச்சக்காரப்பட்டி, தாயில்பட்டி, செட்டியார்பட்டி, முதலிப்பட்டி, பள்ளப்பட்டி, சற்றுத் தள்ளிக் கோவில்பட்டி.

ஒரு வேடிக்கை, இதே சொல்லுக்குத் தமிழில் கிட்டத்தட்ட எதிர்ப்பொருளும் உண்டு. அடங்காமல் அடுத்தவன் வயலில் மேயும் மாடு 'பட்டி மாடு'. கலித்தொகையில் ஒரு குறும்புக்காரப் பையனைத் தலைவி 'சிறுபட்டி' என்கிறாள். அடைக்கும் இடமும் பட்டி, அடங்காததும் பட்டி!

(பட்டி மாட்டைப் பிடித்து அடைக்கும் இடத்தை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 'பவுண்டு' என்றார்கள். அந்த ஆங்கிலச் சொல்லும் இப்படித் தான். அடைப்பு என்ற பொருள் தரும் பவுண்டு பழைய ஆங்கிலச் சொல். எடையையும் பணத்தையும் குறிக்கும் பவுண்டு லத்தீனிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.)

அண்டை வீட்டில்

கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் 'ப' பெரும்பாலும் 'ஹ' ஆகிவிடும். நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. அதே விதிப்படி பட்டி 'ஹட்டி' ஆயிற்று. பொருளும் அதே தான்: தொழுவம், சிற்றூர். நீலகிரியில் படகர்கள் தங்கள் ஊரை 'ஹட்டி' என்று அழைப்பதும் இதனால் தான். ஆனால் கன்னடத்தில் 'ஹத்தி' என்றால் பருத்தி. தெலுங்கில் அது 'பத்தி'. ஆங்கில எழுத்தில் எழுதினால் பருத்தியும் ஊரும் ஒன்றாகத் தெரியும், உச்சரிப்பில் வேறு வேறு.

மலையாளத்தில் நிலைமை கொஞ்சம் சங்கடம். அங்கே பட்டி என்றால் நாய். கோவில்பட்டிக்காரர் ஒருவர் கேரளாவில் தன் ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பை அடக்கத் தான் வேண்டும்.

வடக்கே போனால்

இந்தியில் 'பட்டி' என்றால் நீளமான துணித்துண்டு, காயத்துக்குக் கட்டும் கட்டு. இது 'பட்ட' என்ற சமஸ்கிருதச் சொல்லின் வழி வந்தது. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் காலில் சுற்றிக் கொண்ட துணிப்பட்டை ஆங்கிலத்தில் 'பட்டீ' ஆனது இந்தச் சொல்லால் தான்.

நிலத்தையும் நீள நீளமாகப் பிரிக்கலாம் அல்லவா? பஞ்சாப், உத்தரப்பிரதேச கிராமங்களில் ஒரு பங்கு நிலத்துக்குப் பட்டி என்று பெயர். குஜராத்தின் 'பாட்டிதார்' என்ற பெயரும் நிலத்துண்டை உடையவர் என்று பொருள்படுவது தான். ஆக வடக்கிலும் ஊர்ப்புறத்தில் ஒரு பட்டி இருக்கிறது, தெற்கிலும் இருக்கிறது. ஆனால் ஒன்று மாட்டிலிருந்து வந்தது, மற்றது துண்டிலிருந்து வந்தது. ஒலியை மட்டும் பார்த்து உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கடல் கடந்தால் இத்தாலியில் 'பத்தி' என்றால் ஒப்பந்தங்கள்.

உள்ளூர்ப் போலிகள்

நம் ஊரிலேயே போலிப் பட்டிகள் உண்டு. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் 'பட்டி பார்ப்பது' ஆங்கிலப் 'புட்டி'. அதன் மூலம் 'பானை' என்ற பொருளிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுச் சொல். பனைநாடான தென் மாவட்டங்களின் கருப்பட்டியில் பட்டியே இல்லை. அது 'கருப்புக்கட்டி' என்பதன் குறுக்கம்.

விருதுப்பட்டிக்கும் ஒரு கதை சொல்வார்கள். பல விருதுகளை (கொடிகளை) ஏந்தி வந்து சவால் விட்ட ஒரு வீரனை உள்ளூர்க்காரர் ஒருவர் வென்று வீழ்த்தினாராம். அதனால் ஊர் 'விருதுகள்வெட்டி' ஆகி, பின்பு விருதுப்பட்டி ஆனதாம். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் சுற்றிலும் இத்தனை பட்டிகள் இருக்கும்போது இந்த ஒரு பட்டி மட்டும் 'வெட்டி'யிலிருந்து வந்திருக்குமா என்பது யோசிக்க வேண்டியது.

பெயரில் என்ன இருக்கிறது?

காலப்போக்கில் பட்டி என்பது ஏளனச் சொல்லாகவும் ஆனது. நாகரிகம் தெரியாதவன் 'பட்டிக்காட்டான்'. 1972-ல் 'பட்டிக்காடா பட்டணமா' என்றே ஒரு சினிமா வந்தது. வியாபாரத்தில் வளர்ந்து வந்த ஒரு ஊர் பட்டியை விட்டு நகர் ஆக விரும்பியதில் வியப்பில்லை.

பெயர் என்பது சாதாரண விஷயம் இல்லை என்பதற்கு அதே ஊர் சாட்சி. சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று உயிர் விட்டார். 1969 ஜனவரி 14 அன்று தான் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் பெயர் கிடைக்காத பட்டிகளும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று ஒரு பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகம் முழுவதும் அதைச் 'சிவகாசி விபத்து' என்றே எழுதின. நடந்த இடம் முதலிப்பட்டி. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகள் பலவும் இப்படிப்பட்ட சிற்றூர்களின் எல்லையில் தான் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர்க்காரர்கள். ஆனால் தீபாவளிக்கு வாங்கும் பட்டாசுப் பெட்டியில் இருப்பது சிவகாசி என்ற பெயர் மட்டுமே. புகழும் சிவகாசிக்கு, துக்கச் செய்தியின் தலைப்பும் சிவகாசிக்கு.

மாட்டை அடைத்த இடம், ஊர், துணி, நிலம், நாய், சுவர்ப்பூச்சு என்று ஒரு சிறு சொல் எத்தனையோ வேடம் போடுகிறது. அதன் மூலத்தைத் தேடுவது ஒரு சுவை. அந்தச் சொல்லைப் பெயரில் சுமக்கும் ஊர்களை அவற்றின் சொந்தப் பெயராலேயே குறிப்பிடுவது அங்கே வாழ்கிறவர்களுக்குச் செய்யும் ஒரு சிறு மரியாதை.