சகோடயாழின் மெலிவு நரம்புகள்

யாழின் நரம்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரத்தையே தருவது. வீணையிலோ மெட்டின்மேல் விரலழுத்தி ஒரு தந்தியிற் பல சுரங்களைப் பெறலாம். ஆதலின் யாழுக்கு நரம்புத் தொகையே இசையெல்லையாம். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 எனச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் வகுத்தனர்.

சகோடயாழின் நரம்புகள் உழை முதலாகக் கைக்கிளை இறுதியாக நிற்பன. அவற்றுள் உழை, இளி, விளரி, தாரம் என்னும் நான்கும் மெலிவு. நடுநின்ற ஏழும் சமன். எஞ்சிய மூன்றும் வலிவு. குரலினின்று ஐந்தாவதாகிய இளியும், இளியினின்று ஐந்தாவதாகிய துத்தமும் என இம்முறையே இசை கூட்டப்படும்.

மெலிவோசை பெறுவது எவ்வாறு? ஒரு நரம்பின் சுரத்தை ஒரு தானம் தாழ்த்த நீளம் இருமடங்காதல் வேண்டும்; அன்றேல் எடை நான்மடங்காதலோ இழுவிசை காற்பங்காதலோ வேண்டும். மிகத் தளர்ந்த நரம்போ செவ்வனே ஒலியாது. வில்யாழின் வளைகோடு நரம்புகளை நெடிதும் குறிதுமாகத் தாங்கியது இதற்கியைந்த அமைப்பேயாம். 19ஆம் நூற்றாண்டின் வியன்னாக் கருவிவினைஞர், விரல் படாத மந்தர நரம்புகளைக் கித்தாரின் கழுத்துக்கு அப்பாற் பூட்டினர். வீணையின் இயல்போடு யாழின் இயல்பைக் கூட்டியவாறு இது எனலாம்.

வழக்கொழிந்த யாழை இத்தகைய கணிதத்தால் மீட்க முயன்றவர், காரைதீவிற் பிறந்து திருகோணமலை இந்துக் கல்லூரிக்கும் தொண்டாற்றிய விபுலாநந்த அடிகளார். அவர்தம் யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. மறுமாதமே அடிகளார் மறைந்தனர். இலக்கியமும் விஞ்ஞானமும் ஒருங்கு கற்றாலன்றி அந்நூலின் பயன் கைகூடாது. திரியாய் போன்ற சிற்றூர் மாணவர்க்கும் அவ்விரு கல்வியும் கிட்டுமாறு செய்தலே அவர்க்கு நாம் ஆற்றும் கடனாம்.