கைகள் நிமிர்ந்த பின்: வேலூர் நவஜீவ நிலையமும் தொழுநோயுற்ற இளைஞர்களும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் நீண்டு கிடக்கும் வட்டாரத்தில் தோலைப் பற்றி அறியாதவர் இலர். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளின் காலத்தையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்திற்குக் குரோம் பதனிடுமுறை வந்து சேர்ந்த கதையையும், முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் இத்தொழிலால் எழுப்பிய கல்விக்கூடங்களையும் பலர் எழுதியுள்ளனர். அதே வட்டாரத்தில், அதே தலைமுறைகளில், மனிதத் தோலில் முதற்குறி காட்டி உணர்வைப் பறித்துச்சென்ற ஒரு நோயால் வாழ்விழந்து நின்ற இளைஞர்களின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. அவர்களுக்காக வேலூரில் எழுந்த சிறு குடியிருப்பு ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

தொழுநோய்க் கிருமி உடலில் புகுந்து பல ஆண்டுகள் ஓசையின்றி இருக்கும். அது வெளிப்படும் வயது பலருக்கும் இளமையாகவே அமைந்தது. படிக்கும் வயதிலோ, தொழில் பழகும் வயதிலோ, மணம் பேசும் வயதிலோ விரல்கள் மடங்கத் தொடங்கும், புருவம் உதிரும். ஊரும் உறவும் விலகும். சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1898 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், ஆதரவற்றுத் திரியும் நோயாளரைப் பிடித்துக் காப்பிடத்தில் அடைக்க வழிசெய்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அவர்கள் பொதுக்கிணற்றில் நீரெடுப்பதையும் விற்பனைக்கு உணவோ உடையோ செய்வதையும் தடுக்க இடமளித்தது. 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்த பின்னரே கிருமியை அடக்கும் வழி பிறந்தது. ஆனால் மடங்கிய விரல்களை மருந்து நிமிர்த்தவில்லை.

1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் பால் பிராண்ட். 1914 இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் பயிலுமுன் இங்கிலாந்தில் தச்சும் கட்டுமானமும் கற்றவர். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளர் பலரின் கைகளைக் காட்டினார். மடங்கிப்போன கையொன்றைப் பற்றித் தம் கையை அழுத்துமாறு பிராண்ட் கேட்க, அவர் வலியால் துடிக்கும் அளவுக்கு அந்தப் பிடி இறுகியது. கை செத்துப்போகவில்லை, சில தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன, ஏனையவை வலுவோடு உள்ளன என்பது அப்போது அவருக்குப் புலனாயிற்று. நலமாக உள்ள தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த தசையின் வேலைக்கு இடம்மாற்றி இணைக்கும் அறுவையை அடுத்த சில ஆண்டுகளில் அவர் வேலூரில் செய்யத் தொடங்கினார். தொழுநோயாளருக்குப் பொது மருத்துவமனையில் படுக்கை பெறுவதே போராட்டமாயிருந்த காலம் அது.

அறுவையும் அதன் பின்னான மாதக்கணக்கான பயிற்சியும் கைகளை நிமிர்த்தின. மருத்துவ வரலாறுகள் பலவும் இந்த வெற்றியோடு நின்றுவிடுகின்றன. நமக்கு முக்கியமானதோ அதற்குப் பின் நடந்தது. கைகள் சீராகி வீடு சென்ற இளைஞர்களுள் சிலர் திரும்பி வந்தனர். யாரும் வேலை தரவில்லை. பிச்சையும் முன்போல் கிடைக்கவில்லை. மடங்கிய கையைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர், நிமிர்ந்த கையைக் கண்டு போடவில்லை! பிச்சைக்கு உதவாத கைகளைத் தமக்குக் கொடுத்துவிட்டதாக அவர்கள் முறையிட்டதை பிராண்ட் பின்னாளில் பதிவு செய்துள்ளார். நோயாளியின் உடலை மட்டும் பார்த்த மருத்துவத்தின் மீது நோயாளியே வைத்த விமர்சனம் இது. இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்த அறிஞரும் வைத்துவிடவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

இந்த முறையீட்டின் விளைவே நவஜீவ நிலையம். முதிய மிஷனரிப் பெண்மணி ஒருவர் அளித்த நன்கொடையைக் கொண்டு 1950 ஆம் ஆண்டு வாக்கில், கல்லூரியின் குடியிருப்பு வளாகத்திலேயே, ஒரு கிராமத்தின் சாயலில் அது அமைந்தது. இடத்தேர்வு கவனிக்கத்தக்கது. ஊருக்கு வெளியே காட்டோரத்தில் அதை வைத்திருக்கலாம், வழக்கமும் அதுவே. மருத்துவ மாணவரும் ஆசிரியரும் நாள்தோறும் கண்ணுறும் இடத்தில் வைத்ததால், அச்சம் முதலில் மருத்துவர்களிடமிருந்தே கழலத் தொடங்கியது. அங்கே இளைஞர்கள் தச்சு கற்றனர், மரப்பொம்மைகள் செய்தனர். தாம் இளமையில் கற்ற தச்சுத்தொழிலை பிராண்டே அவர்களுக்குக் கற்பித்தார்.

அந்தப் பட்டறையில்தான் நோயின் இன்னொரு புதிர் அவிழ்ந்தது. விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தனர். சிறுவன் ஒருவன் துருவேறிய பூட்டைத் தன்னால் திறக்க முடியும் என்று சாவியைத் திருகித் திறந்து காட்டியதையும், அவன் விரலோ எலும்பு தெரியக் கிழிந்திருந்ததையும் பிராண்ட் எழுதியிருக்கிறார். கிழிந்தது அவனுக்குத் தெரியவில்லை. வலி அவனை நிறுத்தவில்லை. அதன் பிறகு நிலையத்து இளைஞர்கள் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடலாயினர். சுத்தியல் பிடியின் சிராய், அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம் எனக் காரணங்கள் ஒன்றொன்றாய் வெளிவந்தன. உறங்கியபோது விரல் குறைந்துபோனதற்கும் விடை கிடைத்தது: இரவில் எலிகள் கடித்தன. உணர்வற்ற விரல் உறக்கத்தைக் கலைக்கவில்லை. இதற்குத் தீர்வாகப் பூனைகள் வளர்க்கப்பட்டன.

இதில் மருத்துவக் கண்டுபிடிப்பைவிடப் பெரிது ஒன்றுண்டு. தன் உடல் சாபத்தால் கரைகிறது என்று நம்பிய இளைஞன், அதைக் காக்க முடியும் என்று அறிந்தான். அதைக் காக்கும் பொறுப்பும் அவனிடமே தரப்பட்டது. மனச்சோர்வுக்கு ஆறுதல் சொற்களால் செய்ய முடியாததை இந்தப் புண் கணக்கு செய்தது எனலாம். தொடுகையும் அவ்வாறே. இளைஞன் ஒருவனிடம் சிகிச்சையைப் பற்றி விளக்கியவாறே பிராண்ட் அவன் தோளில் கைவைக்க, அவன் விம்மி அழுதான். தவறாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று அவர் திகைத்தபோது, பல ஆண்டுகளாக யாரும் அவனைத் தொட்டதில்லை என்று உடனிருந்தவர் விளக்கினாராம். புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைத்தோலின் ஒரு பகுதியைக் கொண்டு புருவம் அமைத்ததும் இக்காலத்தில்தான். உடல்நலத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மனிதரிடையே நடமாடுவதற்கு மிகுந்த பயன் உண்டு.

இவ்விடத்தில் நம் வரலாற்றின் ஓர் ஏட்டைப் புரட்டத் தோன்றுகிறது. தொழுநோயாளரைக் குறித்து வந்துள்ள நபிமொழிகள் ஒரே திசையில் அமைந்தவை அல்ல. சிங்கத்தைக் கண்டு விலகுவதுபோல் விலகச் சொல்லும் அறிவிப்பு புகாரியில் உண்டு. ஸகீஃப் தூதுக்குழுவில் இருந்த நோயாளியின் பைஅத்தை நேரில் வராமலேயே ஏற்றுக்கொண்டதாக முஸ்லிம் பதிவு செய்கிறது. நோயாளி ஒருவரின் கையைப் பிடித்துத் தம்மோடு ஒரே தட்டில் உண்ணச் செய்ததாகத் திர்மிதியில் வருகிறது; அதன் அறிவிப்புத் தொடரில் ஹதீஸ் கலையினர் பலவீனம் காண்பர். இவற்றை இணைத்து விளக்க இமாம்கள் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். சட்ட விளக்கத்தைவிட, ஒரு ஸஹாபியின் வாழ்வு இங்கு நமக்குத் தெளிவு தருகிறது. முஐகீப் இப்னு அபீ ஃபாத்திமா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முத்திரை மோதிரத்தைக் காத்தவர்களுள் ஒருவர். அவரைத் தொழுநோய் பற்றியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவருக்காக மருத்துவம் அறிந்தோரைத் தேடினார்கள். யமன் நாட்டார் இருவர் குமட்டிக்காயைக் கொண்டு சிகிச்சை செய்ததாக இப்னு ஸஅத் குறிப்பிடுகிறார். அவரைத் தம் உணவில் அமரவைத்தார்கள். அவர் தம் பக்கத்திலிருந்து உண்ணுமாறு மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அதற்கும் மேலாக, பைத்துல்மாலின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார்கள்! எச்சரிக்கையும் உறவும் ஒரே தட்டில் இருந்தன. நோயுற்ற கையில் அரசின் கருவூலம் இருந்தது.

ஜாபியா செல்லும் வழியில் கண்ட கிறித்தவத் தொழுநோயாளருக்கு ஸதகா நிதியிலிருந்து வழங்குமாறும், அவர்களுக்கு உணவு தொடர்ந்து கிடைக்கச் செய்யுமாறும் உமர் (ரலி) ஆணையிட்டதை பலாதுரீ எழுதியுள்ளார். உமய்யா கலீஃபா வலீத் ஹிஜ்ரி 88 இல் நோயாளருக்கு உதவித்தொகை நிறுவி, மக்களிடம் கையேந்தாதிருக்கச் செய்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். ஆனால் அவர்களைத் தனியே ஒதுக்கியும் வைத்தார். உதவித்தொகையோடு ஒதுக்கி வைப்பதற்கும், வேலை கொடுத்து உடன் அமர்த்துவதற்கும் இடையிலான தொலைவு, முஐகீப் (ரலி) அவர்களின் காலத்திற்கும் வலீதின் காலத்திற்கும் இடையிலேயே தெரிந்துவிடுகிறது. நோயுற்ற உடல் உள்ளத்தையும், நொந்த உள்ளம் உடலையும் கெடுக்கும் என்று அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு 934) தனி நூலே எழுதி வைத்துள்ளார் என்பதும் நினைக்கத்தக்கது.

வேலூருக்குத் திரும்புவோம். 1954 ஜனவரியில் நிகழ்ந்த வாகன விபத்தில், அக்கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார்; முகமும் சிதைந்தது. கொச்சிப் பகுதியில் 1925 இல் பிறந்த அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை எது என்ற கேள்விக்கு, தொழுநோயாளரின் கைகள் என்பது விடையாயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் அந்த அறுவைகளைச் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை நடத்தினார். 1966 இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு முறிந்த இளைஞர் பலர் அங்கே நாற்காலியில் வாழவும் பிழைக்கவும் கற்றனர். 1972 இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 1986 இல் மறைந்தார். தம் மருத்துவரே நாற்காலியில் வந்து நிற்பது நோயாளருக்கு என்ன சொல்லியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதே பாகாயத்தில் 1957 இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறையைக் கைக்கொண்டது. உறவினரைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் மனநல மருத்துவமனைகளே பெரும்பான்மையாயிருந்த காலத்தில் அது துணிவான ஏற்பாடு.

சட்டம் மட்டும் மெதுவாக நடந்தது. 1939 ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவனின் தொழுநோயை மனைவி மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாக வைத்தது. அதைக் குறை கூறுவது எளிது, நியாயம் அன்று. ஹனஃபீ மத்ஹபில் வழியின்றித் தவித்த பெண்களுக்கு வாசல் திறக்க வந்த சட்டம் அது. இந்நோயைக் காரணமாகக் கொண்டு மணத்தை முறிப்பதை இமாம் அபூஹனீஃபா ஏற்கவில்லை. அவர்தம் மாணவர் இமாம் முஹம்மத் மனைவிக்கு அவ்வுரிமை உண்டு என்றார். ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ சட்டங்களிலும் உண்டு. தீராத நோயாயிருந்த காலத்தின் தீர்ப்பு அது. 1981 இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பின் அடிப்படையே மாறிவிட்டது. ஆயினும் 1898 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016 இல்தான். இந்து, கிறித்தவ, சிறப்புத் திருமணச் சட்டங்களோடு நம் 1939 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும் தொழுநோய் என்ற சொல் விலக்கப்பட்டது 2019 இல்தான்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. தொழுநோயிலிருந்து குணமானவரோடு, தலசீமியாவும் ஹீமோஃபீலியாவும் உடையோரும் அதில் இடம்பெற்றனர். 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடைபெறும் வேலூருக்கு இந்நோய்களோடு வரும் இளையோர் பலர். அவர்களுடைய மருந்துச் செலவுக்கு உதவக் கேட்டால் நம் செல்வர்கள் கை சுருக்குவதில்லை. இது இவ்வட்டாரத்தின் பெருமை. விடுபட்ட படிப்பைத் தொடரவோ, நின்று வேலை செய்ய இயலாதவனுக்கு அமர்ந்து செய்யும் தொழிலைப் பழக்கவோ கேட்டால் அது ஸகாத்தில் அடங்குமா என்ற ஐயம் எழுகிறது. தொழில் தெரிந்த ஏழைக்கு அவனது தொழிற்கருவிகளை வாங்கும் அளவுக்கு ஸகாத் வழங்கலாம் என்று இமாம் நவவீ தம் மஜ்மூஉவில் எழுதியிருப்பது இந்த ஐயத்திற்குப் போதிய விடையாகும்.

1955 இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் நிறுவப்பட்ட ஷீஃப்லின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனையில் காலணிப் பட்டறை ஒன்று உண்டு. வலி உணராத பாதத்துக்கு ஏற்ற, நுண்ணறைகள் கொண்ட மென்மையான ரப்பர் அடித்தளக் காலணிகள் இங்கு வழக்கத்துக்கு வந்தன. அவை எண்ணற்ற பாதங்களைக் காத்துள்ளன. ஆனால் இளைஞர் பலர் அவற்றை அணிய மறுத்தனர். தெருவில் நடந்தால் அந்தக் கருஞ்செருப்பே நோயை அறிவித்துவிடும் என்றனர். பாதத்துக்கு உகந்த காலணி போதாது, பிறர் அணிவது போன்றும் இருக்க வேண்டும் என்பதைக் காலணி வடிவமைப்போர் பின்னரே உணர்ந்தனர். ஐரோப்பியக் கடைவீதிகளுக்கு ஆம்பூர் காலணி ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அதே வட்டாரத்தில் அந்த இளைஞர்கள் கேட்டதும் அதுவே: ஊரார் அணிவது போன்ற ஒரு ஜோடி.