ஊழிக்கூத்தின் உட்பொருள்

கோபாலபுரத்து எல்லையைக் கடந்து பாலக்காட்டுச் சீமையில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்குப் பகவதியின் சினமும் அருளும் புதியவை அல்ல. அழிப்பவளும் தாயே, அணைப்பவளும் தாயே என்பது அவர்கள் கோயில்தோறும் காணும் உண்மை. பாரதியாரின் 'ஊழிக்கூத்து' என்னும் பாடலுக்குள் புக இதனினும் சிறந்த வாயில் வேறில்லை.

உலகின் முடிவைப் பாடிய கவிஞர் மேல்நாட்டிலும் உண்டு. 1815 ஏப்ரலில், இன்று இந்தோனேசியா எனப்படும் நாட்டில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய புகைப்படலம் வானெங்கும் பரந்து கதிரொளியைத் தடுத்தமையால், 1816-இல் ஐரோப்பா கோடையின் வெம்மையையே காணவில்லை. விளைவு பொய்த்துப் பஞ்சம் பரவியது. அவ்வாண்டில் ஜெனீவா ஏரிக்கரையில், ஷெல்லிக்கு அண்மையில் தங்கியிருந்த பைரன், 'இருள்' என்ற கவிதையை இயற்றினார். அதில் கதிரவன் அவிந்துபோகிறான். எஞ்சிய பகைவர் இருவர், பலிபீடத்துச் சாம்பலை ஊதி எழுப்பிய சிறுதீயில் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டு அஞ்சி மடிகின்றனர். கதிரவன் அவிவது, மனிதனை மனிதனோடு பிணைக்கும் அன்பு அவிவதற்கே குறியீடாகிறது. முடிவில் இருளே அண்டமாய் நிற்கிறது.

ஷெல்லியின்பால் கொண்ட பற்றினால் 'ஷெல்லிதாசன்' எனப் புனைபெயர் பூண்ட பாரதியாரும் ஊழியைப் பாடினார். ஆனால் அவர் கண்டது வெற்றிருள் அன்று, கூத்து. அண்டங்கள் மோதிச் சிதறுகின்றன. ஐம்பூதங்களும் ஒன்றில் ஒடுங்குகின்றன. எனினும் கூத்துக்குத் தாளம் உண்டு; ஆடுபவள் அன்னை. காலமும் மூவுலகும் அற்றபின், மோனப் பேரொளியாய் விளங்கும் சிவனைக் கண்டு அவள் சினம் தணிகிறது. அவன் கரம் தொட்டு ஆனந்தக் கூத்தாடுகிறாள். அழிவு ஒழுங்கற்ற விபத்தன்று என்பதற்குத் தாளம் குறியீடு. அதன் எல்லை அருளே என்பதற்கு அக்கரந்தொடுதல் குறியீடு.

இது வெறும் கற்பனை மட்டுமன்று. 1916 நவம்பரில் புதுவையைப் பெரும்புயல் தாக்கியபோது அங்கிருந்த பாரதியார், புயலின் கொடுமையைப் பாடியதோடு அமையாமல், அதற்குத் தப்பி நின்ற தென்னந்தோப்பையும் பாடினார்.

இடுக்கி எல்லையின் மலைமீதுள்ள மங்கலதேவிக் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் கண்ணகியை வழிபடுகின்றனர். மதுரையை எரித்தவள், மேற்கே நடந்து சேரநாட்டு மலையில் தெய்வமானாள். தீயோடு புறப்பட்டவளை மங்கலதேவியாக வணங்கும் மரபினர்க்குப் பாரதியாரின் உட்பொருள் எளிதில் விளங்குமன்றோ?